தெரிந்த பதில் ஏன் வாயில் வரவில்லை? மூளை, நரம்பு, உணர்ச்சி: ஓர் எளிய விளக்கம்

ஆகஸ்ட் மாதம் நெருங்கினால், தொடக்கநிலை ஆறில் பிள்ளை படிக்கும் வீடுகளில் பேச்சே மாறிவிடும். சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வு வருகிறது. ஒரு பகுதியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அப்புறம் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வாளரோடு தமிழில் உரையாட வேண்டும். வீட்டில் பாட்டியோடு மூச்சுவிடாமல் பேசுகிற பிள்ளை, அந்த அறைக்குள் போனதும் வாயடைத்து நிற்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது, நாக்கு வறண்டுபோகிறது, வயிறு என்னவோ செய்கிறது. "படிச்சதுதானே, ஏன் சொல்லல?" என்று அம்மா கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியாது. ராத்திரி படுக்கும்போது அத்தனையும் ஞாபகம் வருகிறது. அதுதான் கூடுதல் வேதனை.

நான் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். இப்படி வாயடைத்துப் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது இரண்டு: ஒன்று "சரியா படிக்கல", இன்னொன்று "தைரியம் பத்தாது". நன்றாகப் படித்த, மேடையேறி ஆடக்கூடிய பிள்ளைகளுக்கும் இது நடப்பதால், இரண்டும் சரியான விளக்கம் இல்லை. மூளையும் நரம்புகளும் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், அந்த அறையில் நடப்பது பிள்ளையின் குணத்தைப் பற்றியது அல்ல என்பது தெளிவாகிவிடும். பயம் முதலில் உடலில் நடக்கிறது. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற எண்ணம் பல நேரம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இதயத்தைப் பிடித்து வைத்திருக்கும் நரம்பு

மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து உடல் முழுக்கப் பரவுகிற நரம்புகள் புற நரம்பு மண்டலம். அந்தப் புற நரம்புகளில் ஒரு பிரிவு நம்முடைய உத்தரவுக்குக் காத்திருப்பதே இல்லை. இதயம் துடிப்பது, உணவு செரிப்பது, வியர்ப்பது, கண்ணின் பாவை விரிந்து சுருங்குவது எல்லாம் அதன் பொறுப்பு. தன்னியக்க நரம்பு மண்டலம் என்று அதற்குப் பெயர். அதற்குள்ளும் இரண்டு கிளைகள் உண்டு. ஆபத்து, அவசரம் என்றால் உடலை முடுக்கிவிடுவது பரிவு நரம்புகள். ஓய்வு, செரிமானம், ஆறுதல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது எதிர்ப்பரிவு நரம்புகள்.

எதிர்ப்பரிவுக் கிளையில் முக்கியமானது வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டில் தொடங்கி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், வயிறு, குடல் என்று நீண்ட தூரம் போகிறது. குரல்வளைக்கும் அதிலிருந்து கிளைகள் போகின்றன. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். அறுவை சிகிச்சையில் நரம்பிணைப்பு அறுபட்டுவிடுவதால் அவர்களுடைய இதயம் ஓய்விலும் 90 முதல் 110 வரை துடிக்கும். நம்முடைய இதயம் ஓய்வில் எழுபது சொச்சத்தில் இருப்பதற்குக் காரணம், வேகஸ் நரம்பு அதை ஓயாமல் அடக்கிப் பிடித்திருப்பதுதான். பல மாடி கார்நிறுத்தத்தின் சரிவில், பிரேக்கில் காலை வைத்தபடியே மெல்ல இறங்குகிற கார் போல. காலை லேசாக எடுத்தாலே போதும், வேகம் கூடிவிடும்.

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்த அந்த நொடியில் முதலில் நடப்பது இதுதான். வேகஸ் நரம்பின் பிடி தளர்கிறது, இதயம் சட்டென்று வேகமெடுக்கிறது. கூடவே பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. எச்சில் சுரப்பது குறைந்து கெட்டியாகிறது. வயிற்றுக்கும் குடலுக்கும் போகிற ரத்தம் குறைந்து, கை கால் தசைகளுக்குக் கூடுகிறது. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. வாய் வறள்வதும் வயிறு கலங்குவதும் குரல் நடுங்குவதும் இப்படித்தான். ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடல் தயாராகிவிட்டது. பிள்ளையோ ஒரு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நூலகத்தில் அமைதி காப்பது பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நிலைக்கு "சண்டையிடு அல்லது தப்பியோடு" என்று பெயர் கொடுத்தவர் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன். அவர் அதைப் பற்றி எழுதியது 1915இல். நரம்புகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது அப்போதும் தெளிவாகவில்லை. மின்சாரத்தால் மட்டுமா, ரசாயனமும் உண்டா என்று வாதம் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞர் அதற்கு ஒரு சோதனையைக் கனவில் கண்டார். விழித்து ஏதோ கிறுக்கிவைத்தார், காலையில் அந்தக் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியவில்லை. அடுத்த இரவு அதே கனவு திரும்ப வந்தது. இந்த முறை எழுந்து நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார். ஒரு தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயம் நனைந்திருந்த உப்புக் கரைசலை எடுத்து, நரம்பு நீக்கிய இன்னொரு தவளை இதயத்தில் செலுத்தினார். அதுவும் மெதுவாகத் துடித்தது! நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைக் கசியவிடுகிறது என்பதற்கு இது சான்று. 1921இல் வெளியான இந்த முடிவுக்காக 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். இன்று நாம் சர்வசாதாரணமாகப் பேசுகிற செரட்டோனின், டோபமின் போன்ற நரம்புத் தூது ரசாயனங்களைப் பற்றிய பேச்சுக்கெல்லாம் அந்த இரண்டு தவளை இதயங்கள்தான் தொடக்கம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது.

அட்ரினலினுக்குப் பின்னால் இன்னொரு அலை மெதுவாக வருகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. அது அட்ரினல் சுரப்பிக்கு அனுப்புகிறது, அங்கிருந்து கார்ட்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன் சுரக்கிறது. இது உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் ஆகும். தேர்வு முடிந்து வெளியே வந்த பிள்ளை காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தேர்வு முடிந்தாலும் உடலுக்கு இன்னும் முடியவில்லை. அந்த நேரத்தில் "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன?" என்று பேருந்து நிறுத்தத்திலேயே விசாரணை நடத்தாமல், ஒரு மைலோ வாங்கிக் கொடுத்துச் சும்மா நடந்து வருவது நல்லது.

அமிக்டாலா என்ற சிறு பகுதி

சரி, ஆபத்து என்று முடிவு செய்வது யார்? காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாகப் பாதாம் பருப்பு வடிவில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதன் பெயர் அமிக்டாலா. நியூயார்க்கில் ஜோசப் லெடூ என்ற நரம்பியல் அறிஞர் 1980களில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைப் பிரபலமாக்கின. ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு சிறு மின்அதிர்ச்சி. சில தடவை போதும், பிறகு சத்தம் கேட்டாலே எலி உறைந்து நிற்கும். அந்தச் சத்தம் அமிக்டாலாவுக்குப் போக இரண்டு வழிகள் இருப்பதை லெடூ கண்டார். ஒன்று, மூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் போய் அலசி ஆராயப்பட்டு வருகிற நீண்ட வழி. இன்னொன்று, புலன் செய்திகளை வாங்கிப் பிரித்தனுப்பும் தலாமஸ் என்ற பகுதியிலிருந்து நேராக வருகிற குறுக்கு வழி. குறுக்கு வழியில் தகவல் அரைகுறையாக வரும், ஆனால் வேகமாக வரும். பாம்பா கயிறா என்று தீர்மானிப்பதற்கு முன்பே நாம் பின்னால் குதித்துவிடுவதற்கு இந்த ஏற்பாடு உதவுகிறது. கயிற்றைப் பாம்பென்று நினைத்துக் குதித்தால் பெரிய நட்டமில்லை. பாம்பைக் கயிறென்று நினைத்தால் உயிர் போகும். அதனால் அவசரப்படுகிற மூளைகள்தான் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்திருக்கின்றன.

இணையத்தில் எங்கே பார்த்தாலும் "அமிக்டாலாதான் பயத்தின் மையம்" என்று எழுதிவிடுகிறார்கள். லெடூவே பின்னாளில் அந்தப் பேச்சை மறுத்தார். ஆபத்தைக் கண்டுபிடித்து உடலை முடுக்குவது வேறு, பயம் என்ற அனுபவம் வேறு என்பது அவர் வாதம். இதைப் புரிந்துகொள்ள எஸ்.எம். என்று ஆய்வுக் கட்டுரைகளில் குறிப்பிடப்படும் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரிதான ஒரு மரபணு நோயால் அவருடைய இரண்டு அமிக்டாலாக்களும் அழிந்துபோயிருந்தன. ஆய்வாளர்கள் அவரைப் பாம்பு விற்கும் கடைக்கு அழைத்துப் போனார்கள். அவர் பாம்பைக் கையில் எடுத்து விளையாடினார். பேய்வீட்டுக் கண்காட்சிக்குப் போனார், வேடமிட்டவர்களைக் கண்டு சிரித்தார். முகங்களில் தெரியும் பயத்தை அவரால் அடையாளம் காணவும் முடியவில்லை. ஆக, அமிக்டாலா இல்லையென்றால் பயமே இல்லை என்று தோன்றும்.

ஆனால் கரியமில வாயு கூடுதலாகக் கலந்த காற்றை முகமூடி வழியாக ஒரு மூச்சு இழுக்கச் சொன்னபோது, அவர் பதறிப்போய் முகமூடியைப் பிய்த்து எறிந்தார். 2013இல் இந்த முடிவு வெளியானபோது ஆய்வாளர்களுக்கே அது எதிர்பாராதது. வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு அமிக்டாலா தேவை. உடலுக்குள்ளிருந்தே வரும் மூச்சுத்திணறல் என்ற ஆபத்துக்கு, மூளையில் வேறு வழிகளும் இருக்கின்றன. உணர்ச்சி ஒன்றுக்கு ஓர் உறுப்பு என்று மூளையைத் தனித்தனி அறைகளாகப் பிரித்துவிட முடியாது. கோபத்துக்கு ஓர் இடம், பாசத்துக்கு ஓர் இடம் என்று வண்ணப்படம் போட்டுக் காட்டும் காணொளிகளை நான் நம்புவதில்லை. சுமார் 86 பில்லியன் நரம்பணுக்கள் கொண்ட உறுப்பு அது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்துகொண்டு, ஓய்வில் நாம் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எல்லாம் எல்லாவற்றோடும் பேசிக்கொண்டே இருக்கிறது.

நெற்றிக்குப் பின்னால்

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம்: தெரிந்த பதில் ஏன் வாயில் வரவில்லை?

நெற்றிக்கு நேர் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் யோசித்துப் பேசுவது, அவசரத்தை அடக்குவது, இரண்டு மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைப்பது ஆகியவற்றைச் செய்கிறது. காணொளியில் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு, கேள்வியைப் புரிந்துகொண்டு, பொருத்தமான தமிழ்ச் சொல்லைத் தேடி, வாக்கியமாக்கி, "நான் சரியாகப் பேசுகிறேனா" என்றும் கவனிக்க வேண்டும். முழுக்க முழுக்க இந்தப் பகுதிக்கான வேலை. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்து காட்டியிருப்பது இதுதான்: நோர்அட்ரினலின், டோபமின் என்ற தூது ரசாயனங்கள் அளவாக இருக்கும்போது முன்மூளைப் புறணி கூர்மையாக இயங்கும், பதற்றத்தில் அவை வெள்ளமாகப் பெருகும்போது அதன் இணைப்புகள் தற்காலிகமாகத் தளர்ந்துவிடும். மூளையின் பழைய, வேகமான, பழக்கத்தால் இயங்கும் பகுதிகள் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். கார்ட்டிசோல் ஏறியிருக்கும்போது, நினைவில் உள்ளதை மீட்டெடுப்பதும் கடினமாகிறது. படித்தது அழிந்துவிடவில்லை, எடுக்க வழியில்லை. கார்ட்டிசோல் இறங்கிய பிறகு, ராத்திரி படுக்கையில், எல்லாம் வரிசையாக வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். "படிச்சிருந்தா எப்படி மறக்கும்?" என்ற கேள்வியைப் பெற்றோர் இனிமேல் கேட்கவே கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

முன்மூளை பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு எல்லாப் பாடநூல்களும் சொல்லும் கதை பினியஸ் கேஜ் உடையது. 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்தபோது வெடிமருந்து வெடித்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி அவருடைய கன்னத்தில் நுழைந்து தலையின் மேல்பக்கம் வெளியே வந்தது. உயிர் பிழைத்தார். பொறுப்பான மேலாளராக இருந்தவர் முன்கோபியாகவும் வாய்க்கு வந்ததைப் பேசுபவராகவும் மாறிவிட்டார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் ஜான் ஹார்லோ எழுதினார். கதையை இத்தோடு முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கேஜ் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். பல குதிரைகளின் கடிவாளத்தைச் சேர்த்துப் பிடித்து, பயணிகளை ஏற்றி இறக்கி, நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டிய வேலை அது. ஒழுங்கான அன்றாடம் அவரை ஓரளவு மீட்டிருக்கிறது. அந்தப் பின்பாதியைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று எனக்குத் தோன்றும்.

முன்மூளைப் புறணி கடைசியாக முதிரும் பகுதிகளில் ஒன்று. இருபதுகளின் நடுவரை அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. பன்னிரண்டு வயதில் பிஎஸ்எல்இ. பதினெட்டு வயதில் பையன்கள் தேசிய சேவைக்குப் போகிறார்கள். உணர்ச்சியின் வேகம் முழுதாக வந்துவிட்ட வயது, அதை அடக்கும் பகுதி இன்னும் தயாராகாத வயது. "இவ்வளவு பெரிய பையன், இதுகூடத் தெரியலையா?" என்று தாத்தா கேட்பது நியாயமாகத் தோன்றலாம், ஆனால் உயரத்துக்கும் முன்மூளைக்கும் சம்பந்தம் இல்லை.

அதே படபடப்பு, வேறு பெயர்

உடல் முதலில் என்றேன். அதற்காக மனம் வெறும் பார்வையாளர் என்று அர்த்தமில்லை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவில் வரை காவடி எடுத்து நடப்பவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கும் இதயம் வேகமாகத்தான் அடிக்கிறது, உடல் வியர்க்கிறது. அந்தப் படபடப்புக்கு அவர்கள் கொடுக்கும் பொருள் வேறு. வேண்டுதல், விரதம், சுற்றி நின்று வேல் வேல் என்று குரல் கொடுக்கும் சொந்தங்கள். வலிச் செய்தி தண்டுவடத்திலேயே தணிக்கப்படலாம், மூளை மேலிருந்து அதை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்று மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த கோட்பாடு வலி மருத்துவத்தையே மாற்றியது. பத்தாண்டுகள் கழித்து, உடலே தயாரிக்கும் அபின் போன்ற வலிநிவாரணிகள் மூளையில் கண்டுபிடிக்கப்பட்டன. இதை வைத்துக்கொண்டு பக்தி என்பது வெறும் ரசாயனம் என்று சொல்பவர்கள் தலைகீழாகப் படிக்கிறார்கள். நாம் எதை நம்புகிறோம், யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது நரம்பு வரைக்கும் இறங்கிப்போய் வேலை செய்கிறது என்பதுதான் இதில் இருக்கும் செய்தி.

தேர்வறைக்கும் இது பொருந்தும். ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் முன்னால் சிலர் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்றும், வேறு சிலர் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்றும் சொல்லிக்கொண்டார்கள். உற்சாகம் என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்தார்கள். இது யோசித்துப் பார்த்தால் புரியக்கூடியதுதான். துடிக்கும் இதயத்தை அமைதிப்படுத்துவது பெரிய வேலை. அதே துடிப்புக்கு வேறு பெயர் வைப்பது சின்ன வேலை. "பயப்படாதே" என்று பிள்ளையிடம் சொல்வது ஏன் பலிப்பதில்லை என்பதும் இதில் தெரியும். உடல் ஏற்கெனவே முடுக்கிவிட்ட பிறகு, அது முடியாத கட்டளை.

டோபமினைப் பற்றி ஒன்று மட்டும். அதை இன்ப ரசாயனம் என்பார்கள். நரம்பியல் அறிஞர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துக் கண்டது அப்படியல்ல. எதிர்பாராமல் சாறு கிடைத்தால் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று கற்றுக்கொண்ட பிறகு, விளக்குக்குத் துடித்தன, சாறுக்குத் துடிக்கவில்லை. வருமென்று எதிர்பார்த்துச் சாறு வராவிட்டால் அடங்கிப்போயின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அவை கணக்கெடுக்கின்றன, அதை வைத்து மூளை பாடம் கற்கிறது. நான் வகுப்பில் அடிக்கடி பார்ப்பது இதன் இன்னொரு முகம். வாய்மொழிப் பயிற்சி நாளன்று வயிற்று வலி என்று பிள்ளை வராமல் இருந்துவிடுகிறது. வலி உண்மையானதுதான், குடலில் நடப்பதை மேலே பார்த்தோம். ஆனால் வராமல் இருந்ததால் கிடைக்கிற அந்த நிம்மதி இருக்கிறதே, அதுவும் ஒரு பரிசு. மூளை அதையும் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை வலி இன்னும் சீக்கிரம் வரும்.

தொட்டிலுக்கு முன்பும், தூக்கத்திலும்

ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் சட்டென்று கலங்குகிறார், இன்னொருவர் அசைவதில்லை. மரபணுவுக்கு இதில் பங்கு உண்டு. அதற்கு மேலும் இருக்கிறது என்று காட்டிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று சிங்கப்பூரிலேயே நடந்தது. கஸ்டோ என்று அழைக்கப்படும் நீண்டகால ஆய்வு 2009இல் தொடங்கி, கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சீன, மலாய், இந்தியத் தாய்மார்களைச் சேர்த்து, பிள்ளைகள் வளர வளரத் தொடர்ந்து கவனித்து வருகிறது. கர்ப்ப காலத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாக இருந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் அமிக்டாலாவில், பிறந்த சில நாட்களிலேயே நுண்ணிய வேறுபாடு தெரிந்ததை அதன் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். வேறுபாடு என்பது விதி அல்ல. கர்ப்பிணியின் மனநலத்தையும் ரத்த அழுத்தத்தைப் போலவே குடும்பமே சேர்ந்து கவனிக்க வேண்டும் என்பதற்கு இது காரணம். வளைகாப்புக்கு எடுக்கும் சிரத்தையில் கொஞ்சத்தை, "உனக்கு மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பதற்கும் எடுக்கலாம்.

அப்புறம் தூக்கம். ஓர் இரவு தூங்காமல் இருந்தவர்களுக்கு மறுநாள் வருத்தமான படங்களைக் காட்டியபோது, தூங்கியவர்களைவிட அமிக்டாலா 60 விழுக்காடு கூடுதலாகக் கொதித்தது என்று 2007இல் மேத்யூ வாக்கரின் குழு கண்டது. முன்மூளைப் புறணிக்கும் அதற்கும் உள்ள தொடர்பும் வலுவிழந்திருந்தது. இங்கே விடிவதற்கு முன்பே பள்ளிப் பேருந்து கீழே வந்து நிற்கிறது. இங்குள்ள பெண்கள் பள்ளி ஒன்று தொடக்க நேரத்தைக் காலை 7.30இலிருந்து 8.15க்குத் தள்ளியபோது என்ன ஆனது என்று சிங்கப்பூர் ஆய்வாளர்களே பார்த்தார்கள். மாணவிகள் கூடுதலாகத் தூங்கினார்கள், மனநிலையும் மேம்பட்டது. இரவு பதினொன்றுக்குத் துணைப்பாட வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளைகளைப் பார்க்கும் ஓர் ஆசிரியராகச் சொல்கிறேன்: தேர்வுக்கு முந்தைய வாரத்தில் என்னுடைய வகுப்புக்கும் தூக்கத்துக்கும் இடையே போட்டி வந்தால், தூங்க விடுங்கள்.

என்ன செய்யலாம்

அமிக்டாலாவுக்கு நேராக உத்தரவு போட முடியாது. சுற்றிப் போக வழிகள் இருக்கின்றன. உடலில் தானாகவே நடக்கிற வேலைகளில் நம் விருப்பப்படியும் நடக்கக்கூடியது மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது வேகஸ் நரம்பின் பிடி கொஞ்சம் தளர்ந்து இதயம் வேகமெடுக்கும், வெளியே விடும்போது பிடி இறுகி மெதுவாகும். அதனால் இழுப்பதைவிட விடுவதை நீளமாக்க வேண்டும். நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எட்டு எண்ணும்வரை மெதுவாக விடலாம். "நல்லா மூச்சை இழு" என்று மட்டும் சொல்லிக்கொடுப்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். பதற்றம் வந்த பிறகு கற்றுக்கொள்ளவும் முடியாது. தினமும் படுக்கும் முன் பழகியிருந்தால்தான் தேர்வறை வாசலில் உடல் அதைச் செய்யும்.

உணர்ச்சிக்குச் சொல் கொடுப்பதும் உதவுகிறது. "எனக்கு இப்போ கை நடுங்குது, அவங்க முகத்தைப் பார்த்தா பயமா இருக்கு" என்று பிள்ளை சொல்ல முடிந்தால் நல்லது. உணர்ச்சியைப் பெயரிடும்போது முன்மூளையின் ஒரு பகுதி விழிப்பதையும் அமிக்டாலா தணிவதையும் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் ஸ்கேனில் பார்த்தது. வீட்டில் எந்த மொழி வருகிறதோ அந்த மொழியில் சொல்லட்டும், தமிழா ஆங்கிலமா என்று அப்போது திருத்த வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பழக்கம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. சத்தத்துக்குப் பயந்த எலிக்கு, அதிர்ச்சியில்லாமல் அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் பயம் அடங்கும். ஆனால் பழைய பாடம் அழிவதில்லை. "இந்த இடத்தில் இந்தச் சத்தம் ஆபத்தில்லை" என்று ஒரு புதிய பாடம் அதன்மேல் ஏறுகிறது. எலியை வேறு கூண்டுக்கு மாற்றினால் பயம் திரும்பிவிடும். வீட்டு மேசையில் அம்மாவோடு நூறு தடவை பழகிய பிள்ளை தேர்வறையில் தடுமாறுவதற்கு இதுவும் காரணம். கூண்டு மாறிவிட்டது! அதனால் பயிற்சியை வேறு வேறு இடங்களில், வேறு வேறு ஆட்களோடு செய்ய வேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் அறிமுகமில்லாத ஆண்ட்டியோடு, கோவிலில் சந்திக்கும் ஒரு மாமாவோடு, சமூக மன்றத்தில், தேக்கா சந்தையின் இரைச்சலில். சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொள்ளும் ஒருவரோடும் ஒரு தடவை. முதலில் சுலபமானது, பிறகு கொஞ்சம் கடினமானது. ஒவ்வொரு முறையும் பிள்ளை அங்கிருந்து ஓடாமல், படபடப்பு தானாக இறங்கும்வரை இருக்க வேண்டும். அதற்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால், தப்பித்ததுதான் பரிசாகப் பதியும்.

இதையெல்லாம் செய்தும், வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பள்ளிக்கே போக முடியாமல் ஒரு பிள்ளை அவதிப்பட்டால், அது மூச்சுப் பயிற்சியில் தீரும் விஷயம் இல்லை. பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார், முதலில் அவரிடம் பேசலாம். பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம். தேசிய மனநல உதவி எண் 1771. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால், எந்த நேரத்திலும் 1767. பதற்ற நோய்க்குப் பிள்ளைகளிடம் பெரும்பாலும் முதலில் பேச்சுவழிச் சிகிச்சைதான் தொடங்குவார்கள். மேலே சொன்ன படிப்படியான பழக்கம் அதன் ஒரு பகுதி. மருந்து தேவைப்பட்டால், செரட்டோனின்மேல் வேலை செய்யும் மாத்திரைகள் முழுப் பலன் தரச் சில வாரங்கள் பிடிக்கும். நாலு நாளில் பலன் தெரியவில்லை என்றும், பக்கத்து வீட்டில் ஏதோ சொன்னார்கள் என்றும் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் நம்மிடையே அதிகம். நிறுத்துவதாக இருந்தாலும் குறைப்பதாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும்.